முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் விடிந்தும் விடியாத வேளையில் பெரிய சாலையோரம் நின்றால், பள்ளி வேன்கள் இரண்டு திசைகளிலும் விரைவதைக் காணலாம். சில வேன்கள் தோட்டத்துப் பிள்ளைகளை நகரப் பள்ளிக்குக் கொண்டுவருகின்றன. வேறு சில, நகரத்துத் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கும் பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் போகின்றன. இந்த இரண்டாம் வகை வேன்தான், எத்தனை பிள்ளைகளுக்கு எங்கே பள்ளி வேண்டும் என்று திட்டமிடுவதன் முழுச் சிக்கலையும் சொல்லிவிடுகிறது. குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன, பள்ளி இன்னும் பெயரவில்லை.

தோட்டப் பள்ளிகள் வரைபடத்தை விரித்து வைத்துத் திட்டமிட்டு எழுப்பப்பட்டவை அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் ஆள் இருந்த இடத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் கோயிலுக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கும் பக்கத்தில், பள்ளி வந்தது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை 530ஐ ஒட்டி நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த நிலத்தில் குறைந்த ஆட்களே போதுமான செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்கு மாறியது, சிறிய பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஆயினும் பள்ளிகள் குறைந்துகொண்டே வந்த அதே காலத்தில் மாணவர்கள் பெருகினார்கள். 1957இல் ஏறத்தாழ ஐம்பதாயிரமாக இருந்த மாணவர் எண்ணிக்கை, 2000ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டி, அதன் பிறகுதான் சரியத் தொடங்கியது. பள்ளிகளின் எண்ணிக்கையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒரே திசையில் நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளியை எங்கே கட்டுவது, எதை மாற்றுவது என்பதை நகராண்மைக் கழகம் முடிவுசெய்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சில நாடுகளில் அப்படித்தான். மலேசியாவில் கல்வி கூட்டரசின் பொறுப்பு. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி மலாய்வழித் தேசியப் பள்ளிகளையும், தமிழ், சீனப் பள்ளிகள் அடங்கிய தேசிய வகைப் பள்ளிகளையும் நிறுவும் அதிகாரம் கல்வி அமைச்சரிடம் இருக்கிறது. மாவட்டக் கல்வி இலாகா எண்களைத் திரட்டுகிறது, மாநிலக் கல்வி இலாகா அவற்றை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது, அமைச்சு முடிவெடுத்து நிதி ஒதுக்குகிறது. ஆனால் நிலம் மாநில அரசின் கையில் உள்ளது. அந்த நிலத்தில் எது வீடு, எது கடை, எது பள்ளி என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தை 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி மன்றம் தயாரிக்கிறது. சுங்கை சிப்புட்டைப் பொறுத்தவரை அந்தப் பணி கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு உரியது. ஆக, பிள்ளைகளை எண்ணுவது ஒருவர், நிலத்தைத் தருவது இன்னொருவர், வரைபடத்தில் இடத்தைக் குறிப்பது மூன்றாமவர். தாமதங்களில் பெரும்பகுதி இம்மூவருக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பிறக்கிறது.

பிள்ளைகளை எண்ணும் முறையை முதலில் பார்ப்போம். உலகெங்கும் பயன்படும் அடிப்படை முறை எளிமையானது. இந்த ஆண்டு பிறக்கும் குழந்தை ஏழாவது ஆண்டில் பள்ளிக்கு வரும். பிறப்புப் பதிவை எடுத்து, இடையில் ஊரைவிட்டுப் போகிறவர்களைக் கழித்து, வருகிறவர்களைக் கூட்டி, எஞ்சியவர்களில் எத்தனை பேர் இந்த வகைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நகரையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 60 இந்தியக் குழந்தைகள் பிறக்கின்றன. ஏழு வயதுக்குள் பத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. மிஞ்சிய 54 பேரில் பத்துக்கு ஆறு பேர் தமிழ்ப்பள்ளிக்கு வருகிறார்கள். முதலாம் ஆண்டில் சேர்பவர்கள் 32 பேர். அவர்களில் 20 பேரை நகரப் பள்ளி ஈர்த்துக்கொண்டால், மீதி 12 பேரை மூன்று தோட்டப் பள்ளிகள் நான்கு நான்காகப் பகிர்ந்துகொள்ளும்.

நம் தொடக்கப்பள்ளிகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் தானாகவே மேல்வகுப்புக்கு உயர்வதால், மறுபடியும் அதே வகுப்பில் அமர்வோரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. இது கணக்கைப் பெரிதும் எளிதாக்குகிறது. ஆண்டுக்கு நால்வர் என்றால் ஆறு ஆண்டுகளில் 24 பேர். 150 மாணவர்களை எட்டாத பள்ளி குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று வகைப்படுத்தப்படுகிறது. 30ஐயும் எட்டாத பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் அமர்த்தும் இணைந்த வகுப்பு வந்துவிடுகிறது. 150 என்பது நிர்வாக வசதிக்கான கோடு. அந்தப் பள்ளியின் கற்பித்தல் எப்படி என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாடு நம் கூட்டங்களில் அடிக்கடி மறந்துபோகிறது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

பிறப்புப் பதிவிலும் ஒரு வழுக்கல் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இன்னும் இருப்பதால், குழந்தை பிறந்த ஊர் ஒன்றாகவும் வளரும் ஊர் வேறொன்றாகவும் இருக்கலாம். பெற்றோரின் அடையாள அட்டையிலுள்ள முகவரியோ பழைய தோட்டத்தின் முகவரியாகவே பல ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே பிறப்பு எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாலர் பள்ளிச் சேர்க்கை, முதலாம் ஆண்டுப் பதிவு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி வளாகத்திலேயே இயங்கும் பாலர் பள்ளி இங்கே மிகவும் முக்கியமானது. அங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அடுத்த ஆண்டின் முதலாம் ஆண்டு வகுப்பை ஏறக்குறைய முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள்.

சிறிய எண்களின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவுகள்தான் தோட்டப் பள்ளிகளுக்கு அதிகக் கேடு செய்கின்றன. தற்செயலாக நிகழும் எண்ணிக்கைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்குப் புள்ளியியல் ஒரு தோராய விதியைத் தருகிறது: சராசரியின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சராசரியாக 100 பேர் சேரும் நகரப் பள்ளியில் பத்துப் பேர் கூடுவதும் குறைவதும் இயல்பு. அது பத்து விழுக்காடுதான். சராசரியாக 9 பேர் சேரும் தோட்டப் பள்ளியிலோ மூன்று பேர் கூடுவதும் குறைவதும் அதே அளவு இயல்பு. ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு. போன ஆண்டு 12 பேர், இந்த ஆண்டு 6 பேர் என்றால், பள்ளி பாதியாகச் சரிந்துவிட்டது என்ற பேச்சு எழும். உண்மையில் அங்கே எதுவுமே மாறாமல் இருந்திருக்கலாம். இரண்டு குடும்பங்களில் ஒரே ஆண்டில் குழந்தை பிறக்காததும், ஒரு குடும்பம் ஈப்போவுக்கு மாறிப்போனதும் அந்த வேறுபாட்டில் பாதியை விளக்கிவிடும். குறைந்தது ஐந்து ஆண்டுகளின் சராசரியைப் பார்க்காமல் ஒரு சிறிய பள்ளியைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே வேளையில், நீண்டகாலப் போக்கும் மெய்யானதே. மலேசிய இந்தியர்களின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1ஐவிட இப்போது வெகுவாகக் கீழே இருக்கிறது. இந்தச் சரிவை எந்தச் சராசரியாலும் மறைக்க முடியாது. எனவே கேள்வி, மொத்தப் பிள்ளைகள் எத்தனை என்பதிலிருந்து, அவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு நகர்கிறது.

அங்கேதான் தாமான் வருகிறது. பழைய தோட்ட நிலத்தில் 1,000 வீடுகள் எழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 150 வீடுகளில் இந்தியக் குடும்பங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளை. அதாவது 75 பேர். அவர்களில் பத்துக்கு ஆறு பேர் தமிழ்ப்பள்ளியை நாடினால் 45 பேர். புதிய பள்ளி கேட்க இது போதாது. ஆனால் சில கிலோமீட்டர் தொலைவில் 24 பேரோடு நிற்கும் தோட்டப் பள்ளியை இங்கே இடம்மாற்றினால் 69 பேர் ஆகிறார்கள். இணைந்த வகுப்பு தேவைப்படாது. ஆறு ஆண்டுகளுக்கும் ஆறு வகுப்புகள் நடக்கும். புதிய பள்ளிக்கு அனுமதி பெறுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் பள்ளியின் உரிமத்தையும் பெயரையும் பிள்ளைகள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதே பல ஊர்களில் நடந்த வழி. ஷா ஆலம் நகரின் நடுவே நிற்கும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை. கிளானா ஜெயாவிலுள்ள சீபோர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அப்படியே.

தாமானின் பிள்ளைகள் எண்ணிக்கை நிலையானதும் அன்று. இளம் தம்பதியர் ஒரே காலத்தில் குடியேறுவதால் முதல் பத்து ஆண்டுகளில் அது மேடுபோல் உயர்ந்து, பிள்ளைகள் வளர்ந்ததும் இறங்கிவிடும். உச்ச ஆண்டைப் பார்த்து அறைகளைக் கட்டினால் பின்னர் அவை காலியாகும். இறங்கிய ஆண்டைப் பார்த்தால் உச்சத்தில் இடம் போதாது.

எண்கள் ஒத்துவந்தாலும் நிலம் வேண்டும். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றி உட்பிரிவு செய்ய, 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் மேம்பாட்டாளர் மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். சாலை, திடல், பள்ளி ஆகியவற்றுக்கான துண்டுகள் அந்தக் கட்டத்தில்தான் வரைபடத்தில் ஒதுக்கப்படுகின்றன. பள்ளிக்கான துண்டு வெறும் பள்ளி நிலமாகக் குறிக்கப்படலாம். எந்த வகைப் பள்ளிக்கு என்பது பிறகு முடிவாகலாம். அரசிதழில் வெளியிட்டுப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பின்னரே அந்தத் துண்டு பாதுகாப்பானது.

தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் பள்ளிகளுக்கு இந்தப் படி இன்னும் இன்றியமையாதது. அவை பகுதி உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர்களின் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது, நிலமோ வேறொருவருடையது. தோட்டம் கைமாறும்போது பள்ளி நிலமும் சேர்ந்து கைமாறக்கூடும். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வழக்கமாகக் கட்டட நிதி திரட்டும் கட்டத்தில்தான் முழு வேகத்தோடு இறங்குகின்றன. நிலத்தின் தலைவிதி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளூர்த் திட்டத்தின் வரைவு நகராண்மைக் கழக அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோதே, எழுதப்பட்டிருக்கும். அந்த வாரங்களில் எவரும் எழுத்து வடிவில் ஆட்சேபமோ ஆலோசனையோ தெரிவிக்கலாம். ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நிலம் குறித்து, ஒதுக்கி, நிதி பெற்று, கட்டி முடிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கும். பிள்ளைகள் வந்து நின்ற பிறகு நிலம் கேட்கத் தொடங்கினால், கட்டடம் எழும்போது அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருப்பார்கள்.

இடமாற்றம் தோட்டத்தில் மிஞ்சியிருப்போருக்கு ஒரு விலையை வைக்கிறது. நடந்தே பள்ளிக்குப் போன பிள்ளை இனி வேனில் போக வேண்டும். வேன் கட்டணம் ஒரு தோட்டத் தொழிலாளியின் மாத வருமானத்தில் கணிசமான பங்கு. அதைக் கட்ட முடியாத பெற்றோர் பக்கத்துத் தேசியப் பள்ளியில் சேர்ப்பார்கள். அங்கே தமிழை ஒரு பாடமாகப் பெறக் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம். நான்கு பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் தோட்டத்தில் அந்த எண் சுலபமாகக் கைகூடாது. ஆகையால் இடமாற்றத்தைப் பரிந்துரைக்கும் அறிக்கையில் புதிய இடத்தின் மாணவர் கணிப்போடு, பழைய லயத்திலிருந்து புறப்படும் வேனின் பாதையும் அதற்கான செலவை யார் ஏற்பது என்பதும் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.