"நல்லாத்தானே பேசுறாரு, டாக்டரம்மா?"

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் களைமருந்து குடித்த இன்னொருவர் வந்தார். ஐம்பது வயதைத் தொட்ட விவசாயி. வரப்பில் அடித்தது போக மிஞ்சிய களைமருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவர், தாகத்துக்கு அதையே எடுத்து வாயில் கவிழ்த்துவிட்டார். உடனே துப்பியும்விட்டார். ஒரு மடக்கு உள்ளே போயிருக்கலாம் என்கிறார். வாயைக் கொப்பளித்து, மோர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். எங்களிடம் வந்தது மூன்றாம் நாள், நாக்கு வெந்துபோய்ச் சோறு இறங்கவில்லை என்று.

கடையில் கேட்டு, டப்பாவின் படத்தை மகன் போனில் காட்டினார். பாராகுவாட் டைகுளோரைடு, 24 சதவீதம்.

"புல்லுக்கு அடிக்கிறதுதானே, பூச்சிமருந்து மாதிரி மனுசனை ஒண்ணும் பண்ணாதுன்னு இருந்துட்டோம்" என்றார். இதே வாக்கியத்தை நான் எத்தனை குடும்பங்களிடம் கேட்டுவிட்டேன்! ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்து, வாயில் நுரை தள்ளி, நினைவில்லாமல் வருகிறவர்களுக்கு அட்ரோபின் என்ற முறிமருந்தை ஏற்றி, வென்டிலேட்டரில் வைத்துப் பலரை வீட்டுக்கு நடத்தி அனுப்பியிருக்கிறோம். பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது. சென்னைக்குக் கொண்டுபோனாலும் கிடையாது, நிலத்தை விற்றுக் கட்டினாலும் கிடையாது.

"பக்கத்துத் தெருவில் ஒருத்தர் களைமருந்து குடிச்சுப் பிழைச்சாரே" என்பார்கள். அவர் குடித்தது கிளைபோசேட்டாக இருக்கும். அதுவும் ஆளைக் கொல்லும், ஆனால் பிழைப்பவர்கள் அதிகம். களைக்கொல்லி என்பது ஒரே மருந்தின் பெயர் அல்ல. அதனால்தான் டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறோம்.

எனக்குத் தாங்கவே முடியாத கேள்வி ஒன்று உண்டு. "நல்லாத்தானே பேசுறாரு, டாக்டரம்மா?" ஆமாம், பேசுவார். எழுந்து நடப்பார், பேரப்பிள்ளையைப் பார்க்கணும் என்பார். பாராகுவாட் நினைவை மழுக்காது. வாய்ப்புண் வரும், வாந்தி வரும், இரண்டு மூன்று நாளில், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறும், சிறுநீர் குறையும். அந்த நாட்களிலேயே அது நுரையீரலில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும். நன்றாக இருக்கிறார் என்று இரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனவர்கள், மூச்சு வாங்க வாங்க அவரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆள் தெளிவாக இருப்பதும் ஆள் தேறுவதும் வேறு வேறு. தயவுசெய்து இதை வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

ஆக்சிஜன் விஷயத்தில் எங்களை அடிக்க வந்தவர்களும் உண்டு. இந்த விஷத்துக்கு ஆக்சிஜன் தீனி மாதிரி. தேவைக்கு மேல் வைத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிகவும் இறங்கும்வரை நாங்கள் தள்ளிப்போடுவதற்கு அதுதான் காரணம், அலட்சியம் இல்லை. சிறுநீரில் சோடியம் டைத்தயோனைட் கலந்து பார்க்கும் ஒரு எளிய சோதனை உண்டு. பாராகுவாட் இருந்தால் நீலமாக மாறும். டெஸ்ட் டியூபில் கருநீலம் ஏறுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து குடும்பத்திடம் பேசுவது, இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பழகவில்லை.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். துளி பட்டாலும், துப்பிவிட்டாலும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் விஷத்தை உறிஞ்சக் கரித்தூள் கொடுப்பதோ ரத்தத்தைச் சுத்திகரிப்பதோ, எதுவானாலும் முதல் சில மணி நேரத்தில்தான் கொஞ்சமாவது பலன் தரும். உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போதே புண்ணாக்கிய திரவம், மேலே வரும்போது மறுபடியும் புண்ணாக்கும். மேலே கொட்டிய துணியைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒழுகும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிப்பது, அடைத்த நாசிலை வாயால் ஊதுவது, காலில் புண்ணோடு வயலில் இறங்குவது, மூன்றும் வேண்டாம். தோல் வழியாகவும் இது உள்ளே போகும். மிஞ்சியது வாங்கிய டப்பாவிலேயே இருக்கட்டும், பூட்டிவையுங்கள். தண்ணீர் பாட்டில், குவார்ட்டர் பாட்டில், எதிலும் மாற்றி ஊற்றாதீர்கள்!

பாராகுவாட் இல்லாமல் விவசாயமே நடக்காது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இது இல்லை. கேரளம் 2011-இல் தடை செய்தது. இலங்கை 2008-இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தியது. அங்கே தற்கொலை மரணங்கள் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. ஒடிசாவின் புர்லாவில் 2019-இல் இளம் மருத்துவர்கள் தடை கேட்டுப் போராடினார்கள். அவர்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறுதலாகக் குடித்தவர்கள் இல்லை. ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு ஐந்து நிமிடக் கோபம். அடுத்த நாளே கையைப் பிடித்துக்கொண்டு "என்னைக் காப்பாத்திடுங்க" என்கிறார்கள். மனது அப்படித் தவிக்கும்போது 14416 அல்லது 104 உதவி எண்ணுக்குப் பேசுங்கள், எந்த நேரமானாலும். அப்புறம், ஏற்கெனவே குடித்துவிட்டுச் சொல்லப் பயந்து படுத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். எங்கள் வார்டில் யாரும் உங்களைத் திட்டமாட்டோம்.