சார்பு இணைப்பு: ‘உறவு’ எங்கிருந்து வந்தது?

ரிலேட்டிவ் லிங்க் என்பதை ‘உறவு இணைப்பு’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்துங்கள். இணையதளம் கட்டுவது பற்றித் தமிழில் வரும் பாடக்குறிப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ரிலேட்டிவ் என்றதும் மாமன் மச்சான் ஞாபகம் வந்தால் யார் என்ன செய்வது? லிங்க்குக்குத் ‘தொடுப்பு’ என்று போடுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ‘உறவுத் தொடுப்பு’ என்று ஊரில் சொல்லிப் பாருங்கள், யாருக்கும் யாருக்கும் என்றுதான் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். அப்சல்யூட் லிங்க்கில் எச்டிடிபிஎஸ் (எச்டிடிபி என்ற இணைய நெறிமுறையின் பாதுகாப்பான வடிவம்), தளப்பெயர், பாதை எல்லாம் இருக்கும், எங்கே வைத்தாலும் ஒரே இடத்துக்குப் போகும். ரிலேட்டிவ் அப்படி இல்லை, அது இருக்கும் பக்கத்திலிருந்து வழியைக் கணக்கிடுகிறது. ‘../’ என்றால் ஒரு அடைவு, அதாவது ஒரு கோப்புறை, மேலே போ என்று பொருள். ‘../படங்கள்/கோயில்’ என்ற வரி ‘/நூல்கள்/இலக்கணம்/’ அடைவில் உள்ள பக்கத்தில் இருந்தால் ‘/நூல்கள்/படங்கள்/கோயில்’ என்று விரியும். அதே வரியை ‘/பயணம்/மதுரை/’ அடைவுக்கு மாற்றினால் ‘/பயணம்/படங்கள்/கோயில்’. லத்தீனில் அப்சல்யூட்டின் வேர் ‘கட்டவிழ்ந்தது’, ரிலேட்டிவின் வேர் ‘திருப்பிக் கொண்டுவருவது’. வேர் அவ்வளவு போதும்.

தனித்து நிற்காமல் வேறொன்றைப் பற்றி நிற்பதற்குத் தமிழில் சொல்லா இல்லை? தொல்காப்பியம் சொல்லும் மூன்று சார்பெழுத்துகளும் அப்படித்தானே வருகின்றன. இயற்பியல் பாடத்திலும் சார்புத் திசைவேகம் என்றுதான் படித்தோம். சார்பு இணைப்பு, முடிந்தது. கணிதத்தில் ஃபங்ஷனையும் சார்பு என்கிறோமே என்பார்கள். பக்கத்தில் இணைப்பு என்று இருக்கும்போது அதில் குழம்ப என்ன இருக்கிறது?

அப்சல்யூட்டில்தான் பெரிய கூத்து. ‘முழுமையான இணைப்பு’ என்று எழுதிவிட்டால் மற்றது ஏதோ அரைகுறை, பழுது என்று புதிதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்கிறார், தளத்துக்குள்ளேயே ஒவ்வொரு படத்துக்கும் எச்டிடிபியில் தொடங்கி முழுசாக எழுதி வைக்கிறார், அப்புறம் தளம் எச்டிடிபிஎஸ்சுக்கு மாறும்போது பாதுகாப்பான பக்கத்தில் பாதுகாப்பற்ற படம் என்று உலாவி முறைக்கிறது. ‘அறுதி இணைப்பு’ என்பவர்கள் அறுதிப் பெரும்பான்மையைப் பார்த்து எடுத்திருப்பார்கள் போல. ‘தனி இணைப்பு’ தனி வெப்பநிலையின் தம்பி, ஆனால் கேட்டால் வீட்டுக்குத் தனியாக வாங்கிய பிராட்பேண்ட் மாதிரி இருக்கிறது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச்சொல் என்று அடம்பிடித்தால் இப்படித்தான் ஆகும். இங்கே அந்தச் சொல் செய்யும் வேலை முகவரியை முழுசாகத் தருவது, ஆகவே முழுமுகவரி இணைப்பு. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை, சொல்லைப் பார்த்தாலே எங்கே வேண்டும் என்று தெரிகிறது: மின்னஞ்சலில் போகும் கடிதத்துக்குச் சார்ந்து நிற்கப் பக்கமே கிடையாது, அங்கே முழுமுகவரி இல்லாமல் முடியாது. தளத்துக்குள் பெரும்பாலும் சார்பே போதும், நாளை தளப்பெயர் மாறினாலும் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. ‘/படங்கள்/கோயில்’ என்று சாய்கோட்டில் தொடங்குவதையும் ‘முழுமையான’ பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பாதை முழுசாக இருக்கிறது, சரி, ஆனால் தளப்பெயர் எங்கே? அதை அந்தப் பக்கத்திலிருந்துதான் உலாவி எடுத்துக்கொள்கிறது. இணைய முகவரிகளை எப்படி எழுத வேண்டும் என்று வகுக்கும் தரநிலை ஆவணம், 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986, இதையும் சார்பு வகையில்தான் வைக்கிறது. முழுமுகவரி என்று சொல்லிப் பழகியிருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது.