கேட்டதை மட்டும் தரும் வலை: கோஃபரும் ஜெமினியும்

ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் போகப் போக, கைபேசியில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். போன ஐப்பசியில் அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, மழை எச்சரிக்கை ஏதும் உண்டா என்று ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். டீ குடித்து முடித்தும் திரை வெள்ளையாகவே இருந்தது. அதே நேரத்தில் "குடை எடுத்துக்கிட்டுப் போனீங்களா?" என்று வீட்டிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தது. சொல் போகிற அளவுக்குப் பாதை இருந்திருக்கிறது. சொல்லோடு ஏற்றிவிட்ட சுமைக்குத்தான் அது போதவில்லை.

அந்தச் சுமை எவ்வளவு? எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். 'வேலூர்' என்று எழுத வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என 6 குறிகள் வேண்டும். ஆக 18 பைட். இப்படியே கணக்கிட்டால் இந்தக் கட்டுரை முழுவதும் ஏறக்குறைய 15 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். வினாடிக்கு 100 கிலோபிட் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) மட்டுமே வருகிற நோஞ்சான் இணைப்பிலும் ஒன்றேகால் வினாடி போதும். இன்றைக்கு ஒரு வலைப்பக்கம் சாதாரணமாக 2 மெகாபைட்டைத் தாண்டுகிறது. அதே இணைப்பில் அது இறங்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

காரணம் எளிது. முதலில் வரும் கோப்பு, "இந்த எழுத்துருவைக் கொண்டு வா, அந்த நிரலைக் கொண்டு வா" என்று உலாவியை (பிரவுசரை) அனுப்புகிறது. அந்த நிரல் வந்ததும் விளம்பரத்தையும், நம்மை வேவு பார்க்கும் துணுக்குகளையும் கொண்டுவரச் சொல்கிறது. ஒரு பக்கத்துக்கு அறுபது எழுபது கோரிக்கைகள் சர்வசாதாரணம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் அலங்காரக் கோப்பு வந்து சேரும்வரை உலாவி பக்கத்தை வரையாமல் காத்திருக்கும். நான் பார்த்த வெள்ளைத் திரை அதுதான்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மக்காஹில் குழு 1991இல் கோஃபர் என்ற முறையை வெளியிட்டது. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பரிடம் கேட்கிற மாதிரிதான். "குடியாத்தம் வண்டி எங்கே?" என்று ஒரு கேள்வி, ஒரு பதில், அப்புறம் நாம் நகர்ந்துவிடுவோம். கோஃபரில் உலாவி எதிர்ப்பக்கக் கணினியின் 70ஆம் எண் வாசலை (போர்ட்) தட்டி ஒரே ஒரு வரி அனுப்பும். வெற்று வரி அனுப்பினால் பட்டியல் வரும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு குறியோடு தொடங்கும்: 0 என்றால் படிக்கிற கோப்பு, 1 என்றால் இன்னொரு பட்டியல், 7 என்றால் தேடல். தனியாக ஒரு புள்ளி வந்தால் பட்டியல் முடிந்தது. அவ்வளவுதான்.

1993இல் அந்தப் பல்கலைக்கழகம் கோஃபர் வழங்கிகளுக்கு (பக்கங்களைத் தரும் சர்வர்களுக்கு) கட்டணம் கேட்கப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் உலகளாவிய வலையின் நிரலை எல்லோருக்கும் இலவசமாக்கியது. மொசைக் உலாவி சொற்களோடு படத்தையும் சேர்த்துக் காட்டியது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. தமிழுக்கு கோஃபர் பொருந்தவும் இல்லை. எல்லா எழுத்தும் ஒரே அகலம், வரிக்கு எழுபது சொச்சம் எழுத்து என்று நினைத்துச் செய்தது அது. நம் 'ட'வும் 'கௌ'வும் ஒரே கட்டத்துக்குள் உட்காராது.

2019இல் வந்த ஜெமினி என்ற முறை கோஃபருக்கும் வலைக்கும் நடுவில் நிற்கிறது. கூகுளின் செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. நாசாவின் ஜெமினி விண்கலம் முதன்முதலாக மனிதரோடு பறந்த ஆண்டு 1965. இதன் வாசல் எண்ணும் 1965. உலாவி முகவரியை மட்டும் அனுப்பும், அதிகபட்சம் 1024 பைட். பதிலின் தலையில் இரண்டு இலக்கம் இருக்கும்: 20 என்றால் இதோ பக்கம், 51 என்றால் அப்படி ஒன்று இல்லை, 10 என்றால் உன்னிடம் ஒரு வரி கேட்க வேண்டும். பக்கத்தைக் கொடுத்ததும் இணைப்பு அறுந்துவிடும். நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கீ கிடையாது, நிரல் கிடையாது, தானாக ஓடிவரும் படமும் கிடையாது.

காட்பாடியில் என் வீட்டு அலமாரியில் ஒரு குட்டிக் கணினியில் இப்படி ஒரு ஜெமினி தளத்தை நடத்துகிறேன். அதில் ஒரு பக்கம் இது, எழுதியது எழுதியபடியே:

# முள்ளுக் கத்திரிக்காய்
இலவம்பாடியில் விளைவது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.
=> /1 நாற்று விடுவது
=> /2 விதை எடுப்பது

முதல் வரி தலைப்பு, அம்புக்குறி வரிகள் இணைப்பு. ஒரு பத்தி எவ்வளவு நீண்டாலும் கோப்பில் அது ஒரே வரிதான்; திரைக்கு ஏற்ப மடிப்பது உலாவியின் வேலை. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், என்ன நிறம் என்பதெல்லாம் படிப்பவர் விருப்பம். கண் மங்கிய என் அப்பாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். முகவரியில் 1, 2 என்று எண் வைத்ததற்கும் காரணம் உண்டு: முகவரிக்குள் 'வேலூர்' என்று வைத்தால் அதன் ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரண்டு எழுத்துமாக மாறி 54 எழுத்தாக நீண்டுவிடும்.

ரயில் டிக்கெட் எடுக்கவோ, மருத்துவமனைக்குப் பணம் கட்டவோ இது உதவாது. அதற்கு வலைதான் வேண்டும். படிப்பதற்கு இது போதும். லக்ராஞ்ச் போன்ற ஒரு ஜெமினி உலாவியை நிறுவிக்கொண்டால் சரி.

எளிமை என்றால் பாதுகாப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜெமினியில் எல்லாப் போக்குவரத்தும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் ஆனதுதான். தளத்தின் முகம் மாதிரியான அடையாளச் சான்றிதழை நாமே செய்துகொள்ளலாம். முதல் முறை வரும்போது உலாவி அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். சென்ற மாதம் அலமாரியில் கணினியை மாற்றினேன். அப்பாவின் உலாவி, இது பழைய முகம் இல்லை என்று எச்சரித்து நின்றது. பழைய சான்றிதழையும் அதன் சாவிக் கோப்பையும் தேடியெடுத்துப் புதிய கணினியில் வைத்த பிறகுதான் கத்திரிக்காய்ப் பக்கம் திறந்தது.