போத்தல் தண்ணீரில் நிற்கும் மூச்சு

அக்காவுக்கு எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது, ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஹட்டனிலிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால், குழந்தையின் மூக்கில் இரண்டு சின்னக் குழாய்கள், அதோடு சேர்ந்த டியூப்பின் இன்னொரு நுனி ஒரு போத்தல் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது, தண்ணீர் ஓயாமல் கொப்பளிக்கிறது. "மிஸ், அந்தத் தண்ணி எதுக்கு?" என்று நர்ஸிடம் கேட்டேன். "அதுதான் தம்பி, பிள்ளையோட நெஞ்சைத் திறந்து வச்சிருக்கு" என்றார்.

அது எப்படி? நுரையீரல் முழுக்க நுண்ணிய காற்றுப் பைகள். அவற்றின் உட்புறம் ஈரமானது. ஈரமான இரண்டு பொலித்தீன் தாள்கள் ஒட்டிக்கொள்வதைப்போல அந்தப் பைகளும் சுருங்கி மூடிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கிற வழுவழுப்பான ஒரு பொருள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சுரக்கும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது போதாது. பலூன் ஊதும்போது முதல் ஊதல்தானே கஷ்டம்? இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதல். கொஞ்ச நேரத்திலேயே களைத்துவிடும்.

மூச்சை வெளியே விடும்போதும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தால் பைகள் முழுசாக மூடாது. அந்த மிச்சத்தை வைத்திருப்பதுதான் போத்தலின் வேலை. பம்ப் ஓயாமல் தள்ளுகிற காற்று, பிள்ளையின் மூக்கைத் தாண்டி, அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற முடியும். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை ஒரு சென்டிமீட்டர் இறக்கி ஊதிப் பாருங்கள், அப்புறம் எட்டு சென்டிமீட்டர் இறக்கி ஊதுங்கள். வித்தியாசம் கன்னத்திலேயே தெரியும். ஆழம் எவ்வளவோ அவ்வளவுதான் அழுத்தம். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழம் வைப்பார்கள். அழுத்தம் அதைத் தாண்டப் பார்த்தால் காற்று குமிழியாக வெளியேறிவிடும். நம் மலையில் காற்று மெலிசு, ஆனால் வெளிக்காற்றுக்கு மேல் கூடுதலாக இந்தத் தண்ணீர் தருகிற அழுத்தம் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒன்றுதான்.

கடையில் விற்கிற இந்த வகை இயந்திரங்களுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்து இளநிலை மாணவர்கள் சிலர், 2010ஐ ஒட்டி, தங்கள் இறுதியாண்டு வேலையாக இதைக் கையில் எடுத்தார்கள். காற்றைத் தள்ள மீன்தொட்டிப் பம்ப் இரண்டு, சப்பாத்து வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, தண்ணீர்ப் போத்தல், டியூப். முதல் மாதிரி இவ்வளவுதான். விலை உயர்ந்த அழுத்தக் கருவி இல்லாமல் தண்ணீரின் ஆழமே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறதே, அதைத்தான் நான் வியக்கிறேன். பின்னால் அது 'புமானி' என்ற கருவியாக வளர்ந்து, ஆப்பிரிக்க நாடான மலாவியில் பிளான்டையர் நகர ஆஸ்பத்திரியில் சோதிக்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவு: இந்தக் கருவி வைத்த 62 பிள்ளைகளில் 71 சதவீதம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், ஒட்சிசன் மட்டும் கிடைத்த 25 பேரில் 44 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த இடைவெளிக்குள் இருப்பவை உயிர்கள்.

சரி, கருவி மலிவானால் போதுமா? அக்காவின் பிள்ளை ஒருதரம் தலையைத் திருப்பியது, கொப்பளிப்பு சட்டென்று நின்றது. அந்த மூலையில் இருந்த மிஸ் சத்தம் நின்றதைக் கேட்டே ஓடிவந்து, மூக்குக் குழாயைச் சரியாக வைத்தார், தண்ணீர் மறுபடி கொப்பளித்தது. குழாய் விலகினால் காற்று அந்த வழியாகவே போய்விடும், தண்ணீர்ப் பக்கம் வராது. குமிழிதான் அலாரம். ஆனால் அதைக் கேட்க ஆள் வேண்டும். தண்ணீர் வற்றினால் ஆழமும் குறையும், பார்த்து ஊற்ற வேண்டும். அதனால் இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குள் மட்டும்தான்.

எடை குறைந்து பிறக்கிற பிள்ளைகள் தோட்டப்புறத்தில்தான் அதிகம். மழைக்காலத்தில் கம்பி மேல் மரம் விழுந்தால் கரண்டும் போய்விடும், கரண்ட் போனால் பம்ப் நிற்கும். பேராதனையில் பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகள் இறுதியாண்டு வேலைக்குத் தலைப்பு தேடினால், அந்தப் பம்ப்பை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டுகிற மலிவான பேட்டரியிலிருந்து தொடங்கலாம்.