தண்ணிக்குள்ள பாக்டீரியா விடலாமா? பயப்பட வேண்டியது எதுக்கு?

"ஏற்கனவே தண்ணி கெட்டுப்போய் கெடக்கு, இதுல பூச்சிய வேற விடுறீங்களே தம்பி"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. மெட்டல் பார்ட்ஸ் செய்யுற ஒரு கம்பெனிக்கு பின்னாடி தெரு, நிலத்தடி நீர சுத்தம் பண்ற வேலைக்கு போயிருந்தோம்.

கிரீஸ் கழுவுற டிரைக்ளோரோஎத்திலீன் வருஷக்கணக்கா மண்ணுல இறங்கியிருந்துச்சு. அத உடைக்க நாங்க விடுறது டீஹாலோகாக்காய்டிஸ்ங்கற பாக்டீரியா, நாம ஆக்சிஜன சுவாசிக்கிற மாதிரி அது இந்த கெமிக்கல சுவாசிக்குது, ஆக்சிஜன் பட்டா தாங்காது, கெமிக்கல் தீர்ந்தா அதுவும் கொறஞ்சுடும். அதனால பாட்டியோட பயம் பூச்சி மேல இருக்க வேண்டியதில்ல.

எனக்கு பயம் வேலை பாதில நிக்கிறதுதான். இந்த பாக்டீரியா குளோரின ஒண்ணு ஒண்ணா பிடுங்கும், கடைசிக்கு முந்தின படில வர்றது வினைல் குளோரைடு, கேன்சர் வரவைக்கும்னு உறுதியான பொருள், அமெரிக்காவுல குடிதண்ணிக்கு டிரைக்ளோரோஎத்திலீன் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரைக்கும் விடுறாங்க, இதுக்கு 2 தான். அந்த சைட்ல முதல் பொருள் நல்லா எறங்கினதும் வேலைய முடிச்சுடலாம்னு கம்பெனில அவசரப்பட்டாங்க, அடுத்த ரிப்போர்ட்ல வினைல் குளோரைடு ஏறியிருந்துச்சு.

சாம்பிள் எடுக்குறதுலயே ஏமாறலாம். வினைல் குளோரைடு வாயு, 40 மில்லி குப்பில விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடி, தலைகீழா கவுத்து தட்டிப் பாக்கணும், ஒரு குமிழி இருந்தாலும் அதுக்குள்ள போயிடும், லேப்ல கம்மியா காட்டும். வாட்டர் பாட்டில்ல புடிச்சு அனுப்பின ரிப்போர்ட்ட நம்பாதீங்க.

இன்னொன்னு, பாக்டீரியாவுக்கு தீனியா மொலாசஸ் (சர்க்கரை ஆலைல மிஞ்சுற பாகு), தாவர எண்ணெய் மாதிரி எதையாவது இறக்குவோம். அதுல மண்ணுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பும் மாங்கனீசும் கரைஞ்சு, இரும்புல ஒட்டியிருந்த ஆர்சனிக்ங்கற விஷமும் தண்ணிக்கு வந்துடலாம். அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல பெமிட்ஜி பக்கம் 1979ல பைப்லைன் உடைஞ்சு கச்சா எண்ணெய் இறங்குச்சு, அங்க மண்ணுல இருந்த பாக்டீரியாவே எண்ணெய தின்னப்ப கூட இப்படித்தான் ஆர்சனிக் வெளிய வந்துச்சு. அதனால உங்க ஏரியால இந்த வேலை நடந்தா வினைல் குளோரைடு, ஆர்சனிக், மாங்கனீஸ் மூணும் ரிப்போர்ட்ல இருக்கான்னு கேளுங்க, வேலை முடிஞ்சப்புறமும் கேளுங்க.

அந்த தெருவுக்கு இப்போ லாரி தண்ணி. தொடர்ந்து நாலு தடவ அளவுக்கு கீழ வர்ற வரைக்கும் போர் மோட்டார போடாதீங்க பாட்டின்னு சொல்லியிருக்கேன், ரெண்டு தடவ வந்துருச்சு.