பழைய ஃபோர் வீல் ஜீப்பில் சத்தமா? ஹவுசிங்கைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, மாறாமலை, கோதையாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் பழைய ஃபோர் வீல் ஜீப்புகளில் அடியிலிருந்து சத்தம் கிளம்பினால், முதலில் வரும் பேச்சு ‘கிரவுன் பினியன் போச்சு’ என்பதுதான். உடனே கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்ற வைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருக்கும் பின் ஹவுசிங்கை, அதாவது பின் ஆக்ஸிலின் நடுக்கூட்டைத் திறக்கிறார்கள். செட்டை மாற்றிப் பணத்தையும் கொட்டிய பிறகு வண்டியை எடுத்தால் சத்தம் அப்படியே இருக்கும். சத்தம் எங்கே கேட்கிறது என்று பார்த்து முடிவு செய்வதால் வரும் வினை இது. சேசிஸும் தகர பாடியும் சத்தத்தைக் கடத்திக்கொண்டே போகும். முன் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் பிறக்கிற உறுமல் டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். ஆகவே, சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எப்போது அடங்குகிறது என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள். மலைப்பாதைக்காகப் போட்ட பெரிய கட்டை டயர் தார் ரோட்டில் இரைவது இயல்பு. மண் பாதையில் இறங்கியதும் இரைச்சல் நின்றால் ஹவுசிங்கில் குற்றமில்லை. காற்றழுத்தத்தை ஐந்தாறு பவுண்ட் கூட்டி ஓட்டினால் டயர் சத்தத்தின் தொனி மாறும். பேரிங் சத்தம் மாறாது. இந்தச் சோதனைக்கு ஆரல்வாய்மொழி ரோடு நீளமாக இருக்கிறதே என்று காற்றுக் காலத்தில் அங்கே போக வேண்டாம். அந்தக் காற்றில் எந்தச் சத்தமும் பிடிபடாது.

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் உருளும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும். பழைய ஜீப்புகளில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கடத்தும் நீளத் தண்டான புரபெல்லர் ஷாஃப்ட் நாலரை முதல் ஐந்தரைச் சுற்று வரை சுற்றும். ‘டக்... டக்...’ என்று வாயால் எண்ண முடிகிற சத்தம் என்றால் ஹப், டிரம், ஆக்ஸில், டயர் பக்கம் பாருங்கள். எண்ண முடியாமல் ‘டர்ர்ர்’ என்று படபடத்தால் ஷாஃப்டும் பினியனும் இருக்கிற பக்கம். இதற்குச் செலவே இல்லை, ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்தால் அடங்கினால் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங்கைப் பாருங்கள். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். முதல் மூன்று கியரிலும் கத்தி, நேரடியாக ஓடும் டாப் கியரில் மட்டும் குறைந்தால் கியர் பாக்ஸுக்குள் கீழே இருக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும்.

முன் பக்கத்தைப் பிரித்தறிய, முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டவும் விடுவிக்கவும் இருக்கும் ஹப் லாக் பெரிய உதவி. இரண்டு பக்கமும் ஃப்ரீயில் விட்டு ஓட்டும்போது சத்தம் நின்றால், முன் ஆக்ஸில், முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி), முன் ஷாஃப்ட் இவற்றுக்குள்தான் குற்றம். ஹப் லாக் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்டை இரு முனையிலும் கழற்றிவிட்டு, டூ வீல் டிரைவில் ஓட்டிப் பார்க்கலாம். திருப்பத்தில் மட்டும் சத்தம் கூடினால் அது வீல் பேரிங் பேசுவது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தில் விழும். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஸ்டீரிங்குக்குச் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின். பேரிங்கை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்திப் பூட்ட வேண்டும். அழுத்தி முறுக்கிவிட்டால் பேரிங் சூடேறிப் புடைக்கும்.

நம் மாவட்டத்தில் அதிகம் போவது ஜாயிண்ட் கிராஸ்தான், அதாவது ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு. மழைக்காலத்தில் ஓடையில் இறங்கும் வண்டியாகட்டும், குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியாகட்டும், கிராஸின் கப்புக்குள் ஊசி பேரிங் துருப்பிடிக்கிறது. முதலில் மெதுவாகப் போகும்போது மட்டும் ‘கீச் கீச்’. பிறகு கிளட்சை விட்டதும் ‘டொங்’. கீழே படுத்துப் பார்த்தால் கப்பின் விளிம்பில் காய்ந்த செம்பழுப்புத் துருப்பொடி ஒட்டியிருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் முறுக்குங்கள். கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக்குக்கும் கிராஸுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் மாற்றியே தீர வேண்டும். கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப் காய்ந்து கிடக்கிறது. ஷாஃப்டைப் பிரிக்கும் முன் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் நீளவாக்குப் பற்களான ஸ்பிளைனை மாற்றிக் கோத்தால் இரு யோக்கும் நேர்கோட்டில் நிற்காது, புதிய கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. மலை இறக்கத்தில் பின் கிராஸ் முறிந்தால் பின் சக்கரத்துக்கு எஞ்சின் பிடியும் ஹேண்ட் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். அதே காரணத்தால், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்ற விட்டுவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தும் வண்டி உருளும். கட்டை கொடுக்காமல் அடியில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

ஓடையில் இறங்கிய வண்டிக்கு ஹவுசிங்கில் காற்று போய்வரும் துளையான பிரீதர் முக்கியம். சேற்றால் அது அடைத்திருந்தால், சூடான ஹவுசிங் தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் டிரெய்ன் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் வரும். ஆயில் வெளுத்துப் பால் போல இருந்தால் அன்றே மாற்றுங்கள். போல்ட்டில் சாம்பல் நிறச் சாந்து ஒட்டியிருப்பது இயல்பு. உடைந்த துணுக்கு இருந்தால் அது இயல்பல்ல. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் வேண்டும். அதையே, கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள், பலவற்றுக்கு ஜிஎல்-4தான் ஏற்றது. பழைய வண்டி வாங்குபவர்கள் ஆயிலைக் கையில் தொட்டுப் பாருங்கள். கிரீஸ் கலந்து கெட்டியாக்கி உறுமலை அமுக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டவர் குலசேகரம் தார் ரோட்டுக்கு வந்தும் எடுக்க மறந்தால் அடியில் ‘டப் டப்’ என்று அடிக்கும், ஃபோர் வீல் லீவர் இறுகிக்கொள்ளும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது, நடுவில் அதைச் சரிசெய்ய டிஃபரன்ஷியலும் இல்லை. முறுக்கு முழுக்க ஷாஃப்டில் ஏறும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் லீவர் விடும். முன்னும் பின்னும் தேய்மானம் வேறான டயர் போட்டாலும் இதே கதைதான்.

இத்தனையும் பார்த்த பிறகு ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளை வந்தால் கிரவுன் பினியனைப் பேசலாம். இரண்டிலும் ஒரே மாதிரி உறுமினால் அது பேரிங். கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பொருத்திய பின் பல்லில் வண்ணம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, பற்களுக்கு இடையிலான பிளே 0.2 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று மூடியைப் பூட்டும் முன் கூட இருந்து பாருங்கள்.