யாருடைய கதை, யாரிடம் கேட்டீர்கள்? – நூல் முன்மொழிவு அனுப்புகிறவர்களுக்கு

சமூக அக்கறையோடு இயங்கும் சிறு பதிப்பகங்களுக்கு வருகிற நூல் முன்மொழிவுகளை, அதாவது என்ன நூல் எழுதப்போகிறோம் என்று விளக்கி அனுப்பும் சில பக்கங்களை, வாசித்து, எடுக்கலாமா வேண்டாமா என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. நான் இருப்பது நாகர்கோவிலில். அதனால் குமரி மாவட்டத்துக்காரர்கள் அனுப்புவது பெரும்பாலும் என் மேசைக்கே வந்துவிடும். சுனாமி, ஒக்கிப் புயல், மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர், காணிப் பழங்குடி மக்கள், மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் என்று இந்தச் சின்ன மாவட்டத்தில் எழுதப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முன்மொழிவுகளில் பலவும் "இது காலத்தின் தேவை" என்று தொடங்கி, "இந்நூல் சமூகத்தில் மாற்றத்தை உண்டாக்கும்" என்று முடிந்துவிடும். நடுவில் என்ன இருக்கிறது என்று நான்தான் தேட வேண்டியிருக்கும்.

பொருளின் முக்கியத்துவத்தைப் பதிப்பாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை நம்புவதால்தான் அவர் கையைக் கடித்தாலும் இந்தத் தொழிலை விடாமல் செய்துகொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றே: உங்கள் கையில் என்ன இருக்கிறது, அது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, கொடுத்தவர்கள் புத்தகத்துக்குச் சம்மதித்தார்களா.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனில் பேசினார். "சாரே, எல்லாம் எழுதி முடிச்சாச்சு. எண்ணூறு பக்கம் வரும். நீங்க அப்படியே அச்சடிச்சா போதும்."

"எண்ணூறையும் பெறவு பாக்கலாம் ஐயா. இப்ப ஒரு அஞ்சு பக்கம் அனுப்புங்க."

"அஞ்சு பக்கத்துல நான் என்னத்த சாரே சொல்ல?"

நியாயமான கேள்விதான். கையெழுத்துப் பிரதியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பதிப்பாளர் கையில் கொடுப்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். நாவலுக்கும் கவிதைக்கும் இன்றும் அதுவே சரி. முழுப் பிரதியைப் படிக்காமல் எவரும் நாவலை ஏற்க மாட்டார்கள். கட்டுரை நூல், வாய்மொழி வரலாறு, கள ஆய்வு போன்றவற்றுக்கு மட்டும் முன்மொழிவு தேவை. எழுதி முடிக்கும் முன்பே அனுப்பலாம் என்பது அதில் பெரிய வசதி. போகிற வழி தவறென்றால் எண்ணூறு பக்கம் வீணாகும் முன் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அந்த ஐந்து பக்கத்தில் முதல் பத்தி எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "முந்திரி ஆலைப் பெண்களின் துயரம்" என்பது தலைப்பு. அதை வைத்துப் புத்தகம் எழுத முடியாது. அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற முந்திரி ஆலையில் முப்பது வருஷம் தோடு உடைத்து, கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் வெந்துபோன ஒரு பெண் தன் வைப்புநிதிப் பணத்தைக் கேட்டுப் போகும்போது எந்த மேசையில், எந்தக் காகிதத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறாள் என்று கேட்டால் அது நூலாகும். அந்தக் கேள்விக்கு விடை தேட எத்தனை பேரிடம் பேசினீர்கள், எந்த ஊர்களில், எந்த ஆண்டுகளில் என்று அடுத்த பத்தியில் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. பிறகு இயல் வாரியாக நாலைந்து வரி. மாதிரிக்கு ஓர் இயல். அது முன்னுரையாக இருக்க வேண்டாம். முன்னுரையை எல்லாரும் நன்றாகவே எழுதுகிறார்கள். நடுவில் உள்ள, சான்று அதிகம் தேவைப்படும் இயலை அனுப்புங்கள். கை தெரிந்துவிடும்.

"இதுவரை யாரும் எழுதவில்லை" என்ற வரியைப் பார்த்தாலே நான் பென்சிலை எடுத்துவிடுவேன். பெரும்பாலும் யாரோ எழுதியிருப்பார்கள். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு பகல் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். எனவே நம் வரலாறு மலையாளத்திலும் கிடக்கிறது, ஆவணங்கள் திருவனந்தபுரத்திலும் கிடக்கின்றன. தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் 1859-ஆம் ஆண்டுப் பிரகடனத்தை நாலாவது கை மேற்கோளாக எடுத்துப் போட்டால் போதாது. கேரள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனீர்களா, மலையாளம் வாசிப்பீர்களா, மிஷனரிகளின் அறிக்கைகளைப் பார்த்தீர்களா என்பதை முன்மொழிவிலேயே சொல்லிவிடுங்கள். போகவில்லை என்றாலும் சொல்லுங்கள். "இனிமேல்தான் போக வேண்டும்" என்று ஒருவர் நேர்மையாக எழுதியதற்காகவே நான் பரிந்துரைத்த நூல் உண்டு.

இதே இடத்தில் கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சமூக நீதி என்று மேலே எழுதி, உள்ளே சொந்தச் சாதியின் ஆண்ட பெருமை எழுதி வருகிற பிரதிகள் நம் மாவட்டத்தில் நிறைய. ஒடுக்கப்பட்ட கதையை ஐம்பது பக்கம் சொல்லிவிட்டு, அடுத்த ஐம்பது பக்கத்தில் இன்னொரு சாதியைக் கீழே தள்ளுவார்கள். அப்படிப்பட்ட நூலை வெளியிடப் பல சங்கங்கள் தயாராக இருக்கின்றன, அங்கே போகலாம். நிலைப்பாடு உள்ள பதிப்பகம் என்றால் அதன் பட்டியலே அந்த நிலைப்பாட்டைப் பேசும். 1984-இல் தில்லியில் தொடங்கிய காளி ஃபார் விமன் பெண்களின் எழுத்துக்காகவே நடந்தது. 2003-இல் தொடங்கிய நவயானா சாதியை மையப் பொருளாக வைத்தது. தமிழிலும் தொழிலாளர், தலித், பெண்ணிய, சூழலியல் நூல்களையே முதன்மையாகப் போடுகிற பதிப்பகங்கள் இருக்கின்றன. சென்னைக்கு வண்டி ஏறினால்தான் பதிப்பாளர் கிடைப்பார் என்றும் இல்லை. காலச்சுவடு நம் நாகர்கோவிலில் தொடங்கியதுதான். எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறீர்களோ அதன் நூல்கள் இரண்டையாவது வாங்கிப் படித்துவிட்டு, உங்கள் நூல் அந்த வரிசையில் எங்கே உட்காரும் என்று ஒரு வரி எழுதுங்கள். "மதிப்புக்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு" என்று ஒரே மடலை இருபது பேருக்கு அனுப்பினால் இருபது பேருக்கும் தெரிந்துவிடும்.

இனி, நான் மிக அதிக நேரம் செலவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். அது அடுத்தவர் வாழ்க்கையை எழுதுவது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்களிடம் டிவிக்காரர், பத்திரிகைக்காரர், ஆராய்ச்சி மாணவர், தொண்டு நிறுவனம் என்று ஆள்மாற்றி ஆள் போய்ப் பேச்சு வாங்கினார்கள். அந்தப் பேச்சுகளை வைத்து நூல் திட்டங்களும் வந்தன. நான் கேட்கிற முதல் கேள்வி: உங்களிடம் பேசியபோது இது புத்தகமாகப் போகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியுமா? நிவாரண மனு எழுத உதவப் போன இடத்தில் கேட்டதைப் புத்தகத்தில் போடுவது வேறு கணக்கு. திரும்பப் போய்க் கேட்க வேண்டும். எழுதிய பகுதியை அவர் பேசுகிற தமிழிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். "இத எடுத்திரு மக்களே" என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு நல்ல பத்தியாக இருந்தாலும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் உண்டு. செல்போனில் அவர் குரலிலேயே சம்மதத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

"பெயரை மாத்திட்டேன் சார்" என்பார்கள். கடற்கரை ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் ஆகாது. படகின் பெயர், எந்தக் குருசடிக்குப் பக்கத்து வீடு, மூத்த மகன் எங்கே படிக்கிறான் என்று எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் ஊரே கண்டுபிடித்துவிடும். பாலியல் வன்முறை பற்றிய நூலென்றால் இது சட்டப் பிரச்சினையும்கூட. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சொல்லித் தடுக்கிறது. நல்ல நோக்கத்தோடு எழுதினேன் என்பது இங்கே எடுபடாது. ஆலை முதலாளி, தோட்ட அதிகாரி, பங்குத்தந்தை என்று ஆளைச் சுட்டிக் குற்றம் சொல்லும் பகுதிகள் இருந்தால், அதற்கு என்ன காகிதம் கையில் இருக்கிறது என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். அவதூறு வழக்கு வந்தால் முதலில் நோட்டீஸ் வாங்குகிறவர்களில் பதிப்பாளரும் ஒருவர். சிறு பதிப்பகத்தில் வழக்கறிஞர் சம்பளத்துக்கு இருப்பதில்லை.

படங்களிலும் இதே கதை. முகநூலில் கிடைத்தது, பத்திரிகையிலிருந்து வெட்டியது எதுவும் ஆகாது. எடுத்தவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் அச்சில் மங்கிவிடும், மூலக் கோப்பை மெயிலில் அனுப்புங்கள். பாட்டு வரிகளை மேற்கோள் காட்டினால், எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டதா என்று பாருங்கள். பிரதி யூனிகோடில் இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை மாற்றும்போது எழுத்துகள் உடைவதைச் சரிபார்க்கவே தனியாக ஆள் வேண்டியிருக்கிறது.

பக்கக் கணக்குக்கு வருவோம். விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு என்றால் 100 போயிற்று. எழுத்தாளருக்கு 10 சதவீதம் என்றால் 25. மிச்சம் 125-க்குள் தாள், அச்சு, பைண்டிங், அட்டை, மெய்ப்பு, பார்சல், குடோன் வாடகை எல்லாம் அடங்க வேண்டும். அதுவும் முந்நூறு, ஐந்நூறு பிரதி என்று அடிக்கும்போது பிரதிக்கு ஆகிற செலவு கூடுதல். எண்ணூறு பக்கம் என்றதும் பதிப்பாளர் முகம் ஏன் மாறுகிறது என்று இப்போது புரியும். ஆகவே உத்தேசப் பக்க அளவு, படங்களின் எண்ணிக்கை, எப்போது முடித்துத் தருவீர்கள் என்ற மாதம் மூன்றையும் எழுதுங்கள். வாசகர் யார் என்ற இடத்தில் "தமிழர் அனைவரும்" வேண்டாம். மீனவர் சங்கங்கள், தோட்டத் தொழிற்சங்கம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளின் சமூகவியல் வகுப்பு என்று உங்களுக்கு நேரில் பழக்கமுள்ள இடங்களைச் சொன்னால் அது விற்பனைக்கும் உதவும்.

பணம் கேட்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "முற்போக்குப் பதிப்பகம்தான், ஆனால் அச்சுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பார்கள் சிலர். சொந்தச் செலவில் போடுவதில் அவமானம் எதுவும் இல்லை. அதைச் சொந்தச் செலவு என்று வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை பிரதி, யாருக்கு எத்தனை, பில் எங்கே என்று காட்ட வேண்டும். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு என்று தனியாக ஒரு தொகை கேட்டால் உஷாராகிவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. பிரதியை வாசிக்கக் கட்டணம் கேட்டாலும் உஷாராகிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு மூன்று, நான்கு மாதம் பொறுங்கள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவதால் வரிசையில் முன்னால் வர முடியாது. பின்னால் போகவும் வாய்ப்புண்டு. வேறொருவருக்கும் அனுப்பியிருந்தால் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஏற்றுக்கொண்டார்கள் என்றால் வாய்ப் பேச்சோடு விடாதீர்கள். எவ்வளவு தோழமை இருந்தாலும் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவு உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு உரிமைத்தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது காலாவதியாகிவிடும். ஐந்து வருஷமாக "அடுத்த புத்தகக் காட்சிக்கு வந்துடும்" என்று காத்திருப்பவர்கள் இதைப் படித்துக்கொள்வது நல்லது. "அனைத்து உரிமைகளும்" என்று ஒரே வரியில் எழுதி நீட்டினால், அச்சுநூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துப் பொருள் என்றால் மலையாளத்தில் கேட்டு வர வாய்ப்பு அதிகம். அந்த உரிமை யாரிடம் இருக்கிறது, வரும் தொகையில் உங்களுக்கு எத்தனை சதவீதம் என்று தனி வரியாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.